நம் ஊரை நாம் நடந்து பார்த்தோமா?

தன் ஊர் தனக்குத் தெரியும் என்று சொல்லாதவர் உலகில் இல்லை. அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால்தான் தடுமாற்றம் வரும். அங்கே பிறந்தோம், குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறது, எந்தக் கடையில் கடன் கொடுப்பார்கள், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதெல்லாம் தெரியும். இவ்வளவையும் அவ்வூருக்கு மாற்றலாகி வந்த ஓர் எழுத்தர் மூன்றே மாதத்தில் தெரிந்துகொண்டுவிடுவார். பிறந்து வளர்ந்தவனுக்கு அவரைவிட அதிகமாக என்ன தெரியும்? ஊரை நடந்து பார்த்தவனே இதற்கு விடை சொல்லத் தகுதி உடையவன் என்பது என் கருத்து. நடக்க முடியாத தொலைவுக்கு மிதிவண்டி போதும். அதற்கு மேற்பட்ட வேகம் எதுவும் ஊரைக் காட்டாது.

என் ஊர் வடகவுஞ்சி. ‘வட’ என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மன்னவனூர்ப் பக்கம் மேல்மலையில் வேறொரு கவுஞ்சி இருக்கிறது. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலைப் பக்கம் எங்கள் ஊர். காப்பி, மிளகு, மலைவாழை, வெண்ணெய்ப்பழம் இவைதாம் பிழைப்பு. ஊர்ப் பெயரைச் சொன்னதும் வகுப்பு நண்பர்கள், “கொடைக்கானலா! கொடுத்து வைத்தவன்” என்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது மதுரை ஆட்சியர் லெவிஞ்சு 1863-இல் உருவாக்கிய ஏரியும், 1872-இல் கோக்கர் என்ற படை அதிகாரி அமைத்த நடைபாதையும், தூண் பாறையும்தான். வருகிற கூட்டமும் அப்படியே. ஏரியைச் சுற்றி, குதிரையில் ஏறி, சாக்லேட் வாங்கி, மாலைக்குள் இறங்கிவிடுகிறது. கூட்டம் பெருகி, 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்று வர வேண்டியதாயிற்று. அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. விருந்தாளி திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். வீட்டுக்காரனும் திண்ணையோடு நின்றுவிட்டால் உள்ளே இருப்பதை யார் பார்ப்பது?

பேருந்துச் சன்னலில் மலை ஒரு படமாக ஓடுகிறது. வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொள்பவருக்கு அதுவும் இல்லை. நடக்கும்போதோ மலை துண்டு துண்டாக வருகிறது. ஒரு கல், ஒரு வேர், ஓர் ஊற்று. மிதிவண்டி இவ்விரண்டுக்கும் நடுவில். பழனியில் ஒரு பழைய மிதிவண்டியை வாங்கி, வாழைத்தார் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தேன். எங்கள் தெரு மாமா ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஏம்ப்பா, மலையில எதுக்கு சைக்கிளு? ஏத்தத்துல நீ அதைச் சுமக்கணும், இறக்கத்துல அது உன்னைச் சுமக்கும். இதுல யாருக்கு லாபம்?” என்றார். கணக்குச் சரிதான். ஆனால் லாபம் எனக்கே. ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போகையில் நடப்பவன் காண்பதெல்லாம் காணலாம். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மெல்ல இறங்குகையில், எஞ்சின் சத்தம் இல்லாத காரணத்தால், நடப்பவனுக்கும் கிடைக்காத சில கிடைக்கும்.

அவற்றுள் ஒன்று காற்று. மாலை மங்கியபின் இறங்கிப் பாருங்கள். வெதுவெதுப்பாக வந்துகொண்டிருக்கும் காற்று, ஓடை குறுக்கிடும் மடிப்பில் திடீரென்று கிணற்றுக்குள் இறங்கியதுபோல் குளிரும். வளைவு தாண்டி முனைக்கு வந்ததும் மறுபடி வெதுவெதுப்பு. குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீரைப் போலவே அதுவும் பள்ளத்தைத் தேடி வழிகிறது. இயற்பியல் வகுப்பில் இதைப் படித்திருக்கிறோம். முழங்கால் வழியாகப் படித்தால் மறப்பதில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எந்தப் பள்ளத்தில் எந்தப் பயிர் கருகும் என்பதை இந்தக் காற்றின் வழியை வைத்தே சொல்கிறார்கள்.

இன்னொன்று மணம். பங்குனி வாக்கில் ஒரு நல்ல மழை பெய்து எட்டுப் பத்து நாள் ஆனதும் காப்பிச் செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகைக்குத் தங்கை என்று சொல்லத்தக்க மணம். இரண்டு மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிடும். எந்தத் தோட்டத்தில் மழை முன்னால் பெய்தது, எதில் பின்னால் பெய்தது என்பதைச் சாலையில் இறங்கிக்கொண்டே மூக்கால் கணக்கிடலாம். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கிடைக்காது.

சாலைக்குக் கீழே உள்ள சிறுபாலங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு விடுமுறையில் எங்கள் பக்கத்துச் சாலையில் அவற்றை ஒவ்வொன்றாக நின்று பார்த்தேன். ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் ஓர் ஓடை. கோடையில் பல வெறும் கல்தடங்கள்தான். ஆனால் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இருக்கிறது! மரத்தின் பெயரால் சில, எப்போதோ அங்கே இறந்துபோன மனிதரின் பெயரால் சில, தெய்வத்தின் பெயரால் சில. இந்தப் பெயர்களைச் சொன்னவர்கள் எல்லாரும் அறுபது வயது கடந்தவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். விறகுக்கும் புல்லுக்கும் அலைந்த கால்கள் அல்லவா! என் வயதினரிடம் கேட்டேன், “அந்தப் பாலமா?” என்பதோடு சரி. கைப்பேசி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் நீலக்கோடு கூட இல்லை. சொல்லும் வாய்கள் போய்விட்டால் அந்த ஓடைகள் பெயரற்றவை ஆகிவிடும். பெயரற்றதை மண் தள்ளி மூடுவது எளிது. மூடிய ஓடை ஒரு பெருமழையில் சாலையையே தூக்கிக்கொண்டு போகும் என்பது மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் பாலங்களின் அடியில்தான் விடியற்காலையில் ஒரு பறவையின் குரலைக் கேட்கலாம். யாரோ ஒரு பையன் பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் அலட்சியமாகச் சீட்டியடிப்பது போலிருக்கும். ஒரு மெட்டைத் தொடங்குவான், முடிக்கமாட்டான். எட்டிப் பார்த்தால் ஈரப் பாறைமேல் கருநீலப் பறவை. சீகாரப் பூங்குருவி என்பது நூல்களில் உள்ள பெயர். வெள்ளைக்காரர்கள் அதற்குச் சீட்டியடிக்கும் பள்ளிச் சிறுவன் என்றே பெயரிட்டிருந்தார்களாம்.

ஓடைகளைப் பின்தொடர்ந்ததில் மற்றொன்றும் தெரிந்தது. பழனி வடக்கே இருக்கிறது. அந்தப் பக்கச் சரிவில் இறங்கும் நீர் சண்முகநதியில் கலந்து, அமராவதியாகி, கரூர்ப் பக்கம் காவிரியைச் சேர்கிறது. பெருமாள்மலையைத் தாண்டி வத்தலக்குண்டுப் பக்கச் சரிவில் இறங்கும் நீரோ மஞ்சளாறு வழியாக வைகைக்குப் போகிறது. ஆகவே பழனிச் சாலையில் பெருமாள்மலைக்கு வருகிற யாரும் ஏதோ ஓரிடத்தில் ஓர் எல்லையைக் கடந்தே தீர வேண்டும். அங்கே பலகை எதுவும் இல்லை. முகட்டில் ஒரு மேகம் இரண்டு பக்கமும் பொழிந்தால் அதில் பாதி சோழ நாட்டுக்கும் பாதி பாண்டிய நாட்டுக்கும் போய்விடும். ஆறாம் வகுப்பில் வரைபடத்தில் நீலக்கோடு போட்ட காவிரியும் வைகையும் நம் தலைக்கு மேல் ஒரே மழையாக இருந்தவை என்பதை, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே போனபோதுதான் நான் உணர்ந்தேன்.

தமிழ் வகுப்பில் குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களை மனப்பாடம் செய்கிறோம். தெய்வம் முருகன், தொழில் தேன் எடுத்தல், கிழங்கு அகழ்தல், தினைப்புனம் காத்தல். எழுதினால் மதிப்பெண் உறுதி. எங்கள் மலையில் பளியர் குடியிருப்புகள் உண்டு. அவர்களுள் முதியவர் ஒருவருடன் ஒரு நாள் நடக்கும் வாய்ப்புக் கிடைத்தது. காட்டு வள்ளிக்கொடி ஒன்றைக் கண்டு தாத்தா குந்தி உட்கார்ந்தார். கூர்ங்கம்பால் சுற்றிலும் மண்ணை அகழ்ந்து கிழங்கை வெளியே எடுத்தார். பிறகு கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை மட்டும் நறுக்கி, மீண்டும் குழியிலே வைத்து மண்ணைத் தள்ளி மிதித்தார். “அது பாட்டுக்கு வளரட்டும் தம்பி, அடுத்து வர்றவனுக்கு வேணுமில்ல” என்றார். அகழ்தல் என்ற ஒரு சொல்லுக்குள் இந்தத் திரும்பப் புதைத்தலும் அடங்கியிருக்கிறது என்பதை எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. இதைக் கொண்டு பளியர்களைப் பழங்காலத்தின் பொம்மைகளாக்கி வேடிக்கை பார்க்கக் கூடாது. அந்தத் தாத்தாவின் பேரன் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறான். கையில் நம்மைப் போலவே கைப்பேசி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டின் சிறுவிளைபொருள்களைச் சேகரிக்கும் உரிமையை அவர்களுக்கு ஏட்டில் தந்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்த வழி வேண்டும். வழியைத் தாத்தா அறிவார். பேரன் பாதி அறிவான்.

குறிஞ்சியைப் பற்றியும் ஒரு சொல். 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து ஊரைக் கூட்டும் நீலக்குறிஞ்சியை எல்லாரும் அறிவர். அடுத்தது 2030. ஆனால் குறிஞ்சி இனங்கள் பல. நடுமலைக் காடுகளின் நிழலில் வளர்பவற்றுக்கு வேறு வேறு கணக்கு. ஆண்டுதோறும் பூப்பவையும் உண்டு. 2030 வரை காத்திருக்க வேண்டியதில்லை. யாரும் கூட்டம் போடாத இடத்தில், ஏதோ ஒரு குறிஞ்சி இந்த ஆண்டே பூத்துக்கொண்டிருக்கலாம்.

இனி, நான் எழுதத் தொடங்கியதற்கே காரணமான கற்களுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பாறை முகடு ஒன்றில் மாடு மேய்ப்பவர்கள் நிழலுக்கு ஒதுங்கும் கல்லறை போன்ற ஒன்று இருக்கிறது. மூன்று பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு பெரிய மூடுகல். உள்ளே ஓர் ஆள் சுருண்டு படுக்கலாம். இதைத்தான் கல்திட்டை என்று வரலாற்று நூல்களில் படிக்கிறோம். பாடநூலில் அதன் கோட்டுப்படம் ஒரு தீப்பெட்டி அளவில் இருந்தது. நேரில் பார்த்தபோது நான் முதலில் செய்தது மூடுகல்லைச் சாணால் அளந்ததுதான். நீளம் பதினொரு சாண். இதை எத்தனை பேர், எப்படி, எங்கிருந்து தூக்கினார்கள்?

பழனி மலையின் கல்திட்டைகளை முறையாகத் தேடி, அளந்து, வரைந்து எழுதியவர்கள் அங்லாட், நியூட்டன் என்ற இரு ஏசு சபைத் துறவியர். அவர்கள் எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை தன் ஆய்வேட்டு வரிசையில் 36-ஆவதாக வெளியிட்டது. சமவெளியில் ஈமக்குழிகளை மண்ணைத் தோண்டி அமைத்தார்கள். மலையிலோ வெறும் பாறைமேல் தோண்ட முடியாது. ஆகவே மேலேயே வீடு போலக் கட்டினார்கள். பெரும்பாலும் நெடுந்தூரம் தெரியும் முகடுகளையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பின்னாளில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தாண்டிக்குடியில் அகழ்ந்தனர். மலையடிவாரத்தில், பழனிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தலில் 2009, 2010 ஆண்டுகளில் அவர்கள் அகழ்ந்த ஈமக்குழியில் ஒரு நாற்கால் சாடி நிறைய நெல் கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு கிலோ. அதன் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. அங்கேயே தமிழ் எழுத்துப் பொறித்த மட்பாண்டமும் கிடைத்தது. மேலே மிளகும் தேனும் விளையும் மலை. கீழே நெல்லும் எழுத்தும் உள்ள ஊர். இரண்டுக்கும் இடையே மக்கள் நடந்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு என்ன முடிவுக்கு வர முடியும்? அவர்கள் நடந்த வழிகளுள் சில இன்றும் நம் காலடியில் இருக்கக் கூடும்.

நான் கண்ட அந்தத் திட்டைக்குச் சற்றுத் தள்ளி இன்னொன்று இருந்த தடம் மட்டும் இருக்கிறது. நிறுத்திய கல்லின் அடிப்பகுதி ஒன்று முளைபோல நிற்கிறது. பலகை எங்கே என்று விசாரித்தேன். “நல்ல தட்டையான கல்லு தம்பி, துணி துவைக்க ஆகும்னு யாரோ எடுத்துட்டுப் போனாங்க” என்றார் ஓர் அக்கா. எடுத்தவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அது வெறும் தட்டைக் கல் என்பதற்கு மேல் அவருக்கு யார் என்ன சொன்னார்கள்? 1928-இல் அச்சான நூல் எங்கள் ஊருக்கு வந்து சேரவேயில்லை.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 1821-இல் நில அளவைக்காக ஏறிய வார்டு, 1836-இல் செடிகொடிகளைக் காண ஏறிய ராபர்ட் வைட், பறவைகளைச் சேகரித்துத் தன் பெயரையே ஒரு சிரிப்பானுக்கு விட்டுச் சென்ற பாதிரியார் ஃபேர்பேங்க், பின்னர் வந்த இந்தத் துறவியர் எனப் பழனி மலையைப் பற்றி எழுதிவைத்தவர் எல்லாம் வெளியார். அவர்களுள் முற்பட்டவர்கள் காலத்தில் இங்கே மோட்டார் சாலை கிடையாது. வத்தலக்குண்டு வழிச் சாலை 1910-களில்தான் வந்தது. அதற்கு முன் பெரியகுளம் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏற வேண்டும். டோலி தூக்கியவர்கள் நம் பாட்டனார்கள். வழியில் உள்ள ஒவ்வொரு மரமும் ஊற்றும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், எழுதிவைக்கத்தான் இல்லை. நடந்தவர்களிடம் ஏடு இல்லை. இன்று ஏடு வைத்திருக்கும் நம்மிடம் நடை இல்லை. இரண்டும் ஒருவரிடமே சேரக்கூடிய முதல் தலைமுறை நாம்தான். நம் வீடுகளில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

சின்னஞ்சிறு இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பவர்களுக்கு இங்கிலாந்தின் செல்போர்ன் என்ற சிற்றூரைக் காட்டலாம். அங்கே குருவாக இருந்த கில்பர்ட் வைட் தம் ஊரைச் சுற்றியே நடந்தார். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் மூன்று குருவிகளைப் பாட்டை வைத்து மூன்று இனங்கள் எனப் பிரித்தறிந்தார். 1789-இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் விற்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது இங்கேதான். உலகமே அதை அவர் பெயரால் வழங்குகிறது. பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளதை நாள்தோறும் பார்க்கும் மலையில், காலுக்குக் கீழே உள்ளதை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்தால் என்ன?

பார்ப்பது மட்டுமல்ல, நடப்பதாலேயே காக்கப்படுவது ஒன்று இருக்கிறது. அது பாதை. எங்கள் ஊரிலிருந்து தோட்டங்களுக்கும் காட்டோரத்துக்கும் அடிவாரத்துக்கும் போகும் ஒற்றையடிப் பாதைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. நிலம் கை மாறுகிறது. வாங்குபவர் வெளியூர்க்காரர். அவருக்கு அந்தப் பாதையில் யார் எதற்குப் போகிறார்கள் என்பது தெரியாது. கம்பி வேலி போடுகிறார். சாலை வந்துவிட்டதால் நாமும் கேட்பதில்லை. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் நம் சென்னை மாகாணத்துக்குத் தொடக்கத்திலேயே பொருந்திய சட்டம். பிறர் நிலத்தின் வழியே இருபது ஆண்டுகள் வெளிப்படையாக, இடையறாது, உரிமை கொண்டாடி நடந்து வந்தவருக்கு அந்த வழியில் உரிமை உண்டு என்கிறது அது. அதே சட்டம், இருபது ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் அந்த உரிமை அற்றுப்போகும் என்றும் சொல்கிறது. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை, நடைபாதை என்று குறிக்கப்பட்ட வழிகள் ஓரளவு தப்பும். வரைபடத்தில் ஏறாமல் கால் பழக்கத்தால் மட்டுமே வாழும் வழிகளுக்குச் சாட்சி நம் கால்கள்தாம். என் தாத்தா நடந்த பாதையில் என் அப்பா நடப்பதை நிறுத்தி எத்தனை ஆண்டு ஆகிறது என்று கணக்குப் போட்டேன். பதினாறு.

நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றவர்களும் உண்டு. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர்ப் பக்கத்து இளந்தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பிரபுக்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டில் ஏறினார்கள். ஐவருக்குச் சிறை கிடைத்தது. 1949-இல் வந்த சட்டம் நாடெங்கும் உள்ள பொது நடைபாதைகளை வரைபடத்தில் பதிவு செய்ய வைத்தது. நாம் யாரும் சிறைக்குப் போக வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் பணிவாகக் கேட்டு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை நடந்தால் போதும்.

பாதையைப் புகழ்வதால் சாலையைப் பழிப்பதாக எண்ண வேண்டாம். வட்டக்கானலுக்குக் கீழே, கும்பக்கரைக்கு இறங்கும் பழைய வழியில் வெள்ளகவி இருக்கிறது. நெடுங்காலம் சாலையே காணாத ஊர். அரிசி முதல் மண்ணெண்ணெய் வரை குதிரை முதுகில்தான். மலையேற வருகிறவர்கள் அதை அழகு என்று படம் எடுக்கிறார்கள். பிரசவ வலி கண்ட பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கி ஏறுகிறவர்களுக்கு அது அழகு அல்ல. சாலை வேண்டும், மருத்துவமனைக்குச் சாலைதான் வேண்டும். சாலை வந்தபின் பாதை ஏன் சாக வேண்டும் என்பதே என் கேள்வி.

எதிர்ப்புகள் எனக்குத் தெரியாமல் இல்லை. படிப்பு, பகுதிநேர வேலை, போட்டித் தேர்வு எனத் திணறும் மாணவனிடம் ஊர் சுற்றச் சொல்கிறாயே என்று கேட்பார்கள். ஊர் சுற்றுதல் என்ற சொல்லே நம்மிடம் வசைச்சொல்லாகிவிட்டது. கைப்பேசியில் கழியும் நேரத்தைக் கணக்கிட்டபின் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். இதைவிட வலுவான எதிர்ப்பு மாணவியருடையது. “நீ முகட்டில் போய் உட்கார்ந்துவிட்டு இருட்டியபின் வரலாம், நாங்கள் முடியுமா?” என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் ஒன்று சொன்னேன். எங்கள் ஊரில் பாதைகளை முழுக்க அறிந்தவர்கள் என் ஆச்சியும் அவர் வயதுப் பெண்களும்தான். விறகுக்கட்டோடு நடந்த காலத்தில் யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. கட்டு இல்லாமல் வெறுங்கையோடு நடந்தால்தான் ஊர் ஏன் என்று கேட்கிறது. வேலைக்காக நடக்கலாம், பார்ப்பதற்காக நடக்கக் கூடாது என்ற இந்த விதியை எழுதியது யார்? மாணவியர் நாலைந்து பேராகச் சேர்ந்து, தம் ஆச்சிமாரையே வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு போனால், எங்களைப் போன்றவர் பத்து ஆண்டில் சேர்ப்பதை ஒரே நாளில் சேர்த்துவிடுவார்கள்.

யானை, காட்டுமாடு பற்றிய அச்சமும் நியாயமானதே. பேத்துப்பாறைப் பக்கம் யானை இறங்குவது செய்தியே அல்ல. 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் உள்ளது. அதன் எல்லைக்குள்ளும் காப்புக்காட்டிலும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. நான் சொல்லும் நடை எல்லாம் ஊர்ப் பாதையில், தோட்ட ஓரத்தில், பகல் வெளிச்சத்தில், தெரிந்தவர் துணையோடுதான்.

நம் கல்லூரியில் எத்தனை ஊர்களிலிருந்து வருகிறோம்! மலையூர்க்காரர் சிலர், சமவெளிக்காரர் பலர். சமவெளி நண்பர்களுக்கு மலை இல்லையே என்ற குறை வேண்டாம். ஏரிக்கரை இருக்கிறது, மதகு இருக்கிறது, இரயில் வந்தபின் கைவிடப்பட்ட வண்டிப்பாதை இருக்கிறது, நடுகல் இருக்கிறது. மிதிவண்டியோட்ட எங்களைவிட அவர்களுக்குத்தான் எளிது. பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். வரலாறு, தாவரவியல், தமிழ், புவியியல் மாணவர்களுக்குத் தரும் ஒப்படைப்புகளில் ஆண்டுக்கு ஒன்றேனும் அவரவர் ஊரை நடந்து பார்த்து எழுதுவதாக இருக்கட்டும். இணையத்திலிருந்து எடுத்து ஒட்ட முடியாத ஒரே ஒப்படைப்பு அதுவாகத்தான் இருக்கும்! நூலகத்தில் ஒரு தடித்த பதிவேட்டை வைத்து, ஊர்ப்பெயர், நடந்த நாள், கண்டது, சொன்னவர் வயது ஆகியவற்றை எழுதச் சொல்லலாம். ஓடைப் பெயர்களை முதலில் எழுத வேண்டும், சொல்பவர்களுக்கு வயதாகிவிட்டது. கற்களை அடுத்து எழுதலாம். அளந்து, படம் எடுத்து, தொல்லியல் துறைக்குக் கடிதம் போட வேண்டும். எடுத்து வரக் கூடாது. பூக்களும் பறவைகளும் பிறகு.

நிதி கேட்கவில்லை, தனிச் சங்கம் கேட்கவில்லை. பதிவேட்டின் முதல் பக்கத்துக்கு எங்கள் பக்கத்து ஓடைகளின் பெயர்கள் இருபத்து மூன்று என்னிடம் தயாராக இருக்கின்றன. நான்கு ஓடைகளுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். அவற்றை இரண்டு விதமாகவும் எழுதிவைத்திருக்கிறேன்.

ஐப்பசி விடுமுறையில் அடிவாரம் வரையுள்ள தாத்தாவின் பாதையை நடக்க இருக்கிறேன். வர விரும்பும் நண்பர்கள் பெயர் கொடுக்கலாம். மழைக்காலம் என்பதால் அட்டை கடிக்கும். உப்புப் பொட்டலமும் புகையிலையும் எடுத்து வாருங்கள். மதியச் சாப்பாடு ஆச்சி கட்டித் தருவார். மிதிவண்டியைப் பழனியிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.